அமர்வதற்கு ஓர் இடம்

மாசித் திருவிழா முடிந்து பத்ரகாளியம்மன் கோயில் தெரு அடங்கும்போது எங்கள் ஊரான மேச்சேரியில் பனியும் விலகிவிடும். வேம்பு தளிர்விடும், புங்க மரங்கள் பச்சையாகும். மார்கழி, தை முழுக்கச் சுவரோரம் சாய்ந்து கிடந்த சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வெளியே எடுக்க இந்த மேட்டாங்காட்டுப் பூமியில் இதைவிட நல்ல பருவம் கிடையாது. சித்திரை பிறந்துவிட்டால் வெயில் விடாது.

மிதிப்பதைக் கால்கள் மறப்பதில்லை. நோவது உட்காரும் இடம். விடிகாலையில் மேட்டூர் சாலையில் அம்மன் பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே மிதிப்பது என் வழக்கம். சீட்டு உறுத்தத் தொடங்கிவிட்டால் பெயர் உதட்டோடு நின்றுபோகும். மனம் முழுக்க வலியிடம் போய்ச் சேரும். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் தியானத்துக்கு வெகு முன்பாகவே திருமூலர் ஆசனத்தை வைத்திருக்கும் நியாயம் எனக்குச் சைக்கிளில்தான் விளங்கியது. பத்மாசனம், வீராசனம் என்று சொல்லிவரும்போது சுகாசனத்துக்கும் அவர் இடம் கொடுக்கிறார். சுகமாக அமர்வதைச் சோம்பல் என்று தள்ளாத மரபு நம்முடையது.

எது சுகம் என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். கை வைத்தால் அமுங்கும் பஞ்சு சீட்டைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். “மெத்துனு இருக்கறது கொஞ்ச தூரத்துக்குத்தாங்க சார். எலும்பு உட்கார எடம் வேணுங்க” என்றார் சைக்கிள் கடைக்காரர். உண்மைதான். இடுப்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. உட்காரும்போது உடம்பின் பாரத்தை ஏற்கவே அமைந்தவை அவை. பஞ்சு அதிகமானால் எலும்பு அதற்குள் புதைந்து, பாரம் நடுவிலுள்ள மெல்லிய தசையிலும் நரம்பிலும் இறங்குகிறது. அதனால்தான் மரத்துப்போகிறது. கெட்டியான திண்ணையில் அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைப் போட்டுச் சற்று நேரம் அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் தெரியும். அந்த இரண்டும் தாராளமாகத் தங்கும் அகலம் சீட்டுக்கு வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நீளும் உயரம் போதும். சீட்டின் மூக்கு மேலே தூக்காமல் மட்டமாக இருக்க வேண்டும்.

எலும்புக்கு இடம் தரும் சீட்டு புதிதல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866-இல் தோல் தொழில் தொடங்கிய புரூக்ஸ் என்பவர் 1882-இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த மாட்டுத்தோல், பஞ்சே கிடையாது. முதலில் கட்டையாக இருக்கும். உட்கார உட்கார, உட்காருபவரின் எலும்புக்கு ஏற்பக் குழிந்து கொடுக்கும்.

தோல் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆடு நினைவுக்கு வராமல் போகாது. கொம்பில்லாத, குட்டை மயிர் கொண்ட, செம்பழுப்பு நிற மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல் வணிகத்தில் தனி மதிப்பு உண்டு. அருகே பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆட்டுத்தோல் மென்மையானது, கையுறைக்கும் மேலாடைக்கும் போகும். ஆளைச் சுமக்க மாட்டின் தடித்த தோல்தான் வேண்டும். எதுவானாலும் ஓர் உயிர் வெயிலிலும் மழையிலும் போர்த்தியிருந்த ஒன்று. மான்தோல் விரித்துத் தவத்தில் அமர்ந்த முனிவர்களும் இதை நினைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னோர் உயிரின் மேல் அமர்ந்துகொண்டுதான் நம் மனம் அமைதியைத் தேடுகிறது. அதனால் ஏறும்முன் சீட்டை ஒருமுறை தொட்டுக் கும்பிடுகிறேன்.

இடைவெளி விட்டு ஏறுபவருக்கு எலும்பு முனையில் ஒரு நோவு இருக்கும். விட்டுவிட்டு, சிறுசிறு தூரமாகப் போனால் அது தானே தணியும். அதற்குச் சீட்டை மாற்ற வேண்டாம். மரத்துப்போனால் மட்டும் பொறுக்கக் கூடாது, உடனே இறங்கி ஸ்பானரை எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிய உடம்பைக் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேட்பு பழகப் பழக, மேட்டூர் சாலையின் ஏற்றத்திலும் மூச்சும் அம்மன் பெயரும் இணைந்தே போகின்றன. மேட்டூர் அணை வரை போகவேண்டும் என்ற அவசரம் இப்போது எனக்கு இல்லை.