இருட்டில் ஒரு தளம்

கார்த்திகை தீபத்தன்று கிரிவலம் போகும்போது, மரங்கள் விலகும் இடத்தில் மலை உச்சிச் சுடர் சட்டென்று தெரியும். கண் அதிலேயே நின்றுவிடும். எனக்கு உடனே 1971 டிசம்பர் 4 நினைவுக்கு வரும். அதுவும் கார்த்திகை மாதம்தான்.

அன்று, இந்திய-பாகிஸ்தான் போரில், வங்கக் கடலில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அந்தப் படைப்பிரிவின் தலைவர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்று பழுது. முழு வேகம் எடுக்க முடியாது. வேகம் குறைந்து தளத்தில் எதிர்க்காற்றும் குறைந்தால் விமானம் ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு ஆபத்து!

அதே கப்பலின், டார்பிடோ சுமக்கக்கூடிய அலிஸே விமானங்கள் இரவிலும் குண்டு வீசப் பறந்தன. உள்ளே மூன்று பேர். திரும்பும்போது கீழே கறுத்த கடல், அதில் அசைந்துகொண்டிருக்கும் ஒரு தளம், சில சிறு விளக்குகள். வாலில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எஃகுக் கம்பியைப் பிடித்தாக வேண்டும். தவறினால், மறுபடி மேலேறி இருட்டைச் சுற்றி வர வேண்டும்.