கலமும் கணினியும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடிப் புறப்பட்ட குடும்பங்களில் ‘வேலை’ என்னும் சொல்லுக்குப் பொருள் சற்று வேறு. ஊரிலே நிலமும் வீடும் உற்றாரும் உடையவன் ஒரு முயற்சியில் தோற்றால் சில காலம் திண்ணையில் சாய்ந்து கிடக்கலாம், கேட்பார் இரார். நமக்கு அத்தகைய திண்ணை இல்லை. மாதம் பிறந்ததும் வாடகை வாயிலில் வந்து நிற்கும். ஆதலின் நம் பிள்ளைகள் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று பிறர் நடந்து பழகிய வழியிலேயே செல்லவேண்டும் என விரும்புகிறோம். இதனைப் பேராசை என்று இகழ்வோர் நம் தந்தையர் பட்ட பாட்டை அறியாதவர். ஆயினும் இந்த அச்சத்தை அறமெனப் பெயரிட்டுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றும் உரிமை நமக்கு உண்டா என்னும் வினா சில ஆண்டுகளாக நம்மை விட்டபாடில்லை. அதனை எழுப்பியவள் நம் தமையனார் மகள்.

தமையனார் சித்தூரில் வாழ்கிறார். வீட்டிலே தமிழ், பள்ளியிலும் கடைத்தெருவிலும் தெலுங்கு என்று வளர்ந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். வட ஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911இல் அமைக்கப்பெற்ற மாவட்டம் அது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி நம்மவர் நகரவில்லை. நகர்ந்தவர்கள் நம்மைப் போல் வயிற்றுக்காக நகர்ந்தவர்களே. அந்த வீட்டுப் பெண் திருப்பதியில் பொறியியல் கற்றாள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஓராண்டு பணியாற்றினாள். பின்பு ஒருநாள் பெட்டியோடு வீடு திரும்பினாள். டேப்லட் என்னும் கண்ணாடிப் பலகையின்மேல் மின்பேனாவால் படம் வரைவதே இனித் தன் தொழில் என்றாள். “நான் சொன்னால் அழுகிறாள். நீயாவது வந்து எடுத்துச் சொல்லடா” என்று தமையனார் தொலைபேசியில் நம்மை அழைத்தார்.

எடுத்துச் சொல்லத்தான் சென்றோம். ஆனால் சொல்லுமுன் அவள் அருகே அமர்ந்து ஒரு மாலைப்பொழுது பார்த்துவிட்டோம். அதுதான் நாம் செய்த பிழை. கணினி தானே வரைந்துவிடும், பிள்ளை பொத்தானை அழுத்துகிறாள் என்று எண்ணியிருந்தோம். அவளோ ஒரு கிழவியின் முந்தானை மடிப்பு ஒன்றை வரைவதும் அழிப்பதுமாக இரண்டு மணி நேரம் இருந்தாள். துணி தோளில் தொங்குவதற்கும் ஆணியில் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு வரவில்லையாம். பிறகு வரவுக் குறிப்பேட்டைக் காட்டினாள். ஒரு மாதம் முப்பதாயிரம் ரூபாய், அடுத்த மாதம் நாலாயிரம், அதற்கடுத்த மாதம் ஒன்றுமில்லை. நூல் அட்டை, கணினி விளையாட்டு, யாரோ வெளிநாட்டுக்காரர் கேட்ட சுவரொட்டி என்று பல இடத்து வேலை.

இத்துறைக்கு வயது மிகக் குறைவு. போட்டோஷாப் மென்பொருள் விற்பனைக்கு வந்ததே 1990இல்தான். தமிழில் ஓவியர் டிராட்ஸ்கி மருது போன்றோர் கணினியைத் தூரிகையாக ஏற்று வழிகாட்டினர். 2018இல் புது தில்லி நேச்சர் மோர்ட் கலைக்கூடம் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆக்கிய படைப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. 2021 மார்ச்சில் பீப்பிள் என்னும் புனைபெயருடைய அமெரிக்கரின் கணினிப் படத்தொகுப்பு ஒன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அடுத்த ஆண்டே அவ்வகை மின்சொத்துகளின் சந்தை சரிந்தது. இத்தகைய துறையில் குரு இல்லை, பணிமூப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை. எது நல்ல ஊதியம், எது ஏமாற்று என்று அளந்து சொல்லும் மூத்தோரும் இல்லை. நாம் இதையெல்லாம் கூறி, “முதலில் ஒரு நிலையான வேலை; படம் மாலையில் வரையலாம்” என்றோம். அவள் மறுமொழி கூறவில்லை.

2022 பங்குனியில் ஒரு செய்தி வந்தது. ஜவுளி வியாபாரி ஒருவர் அவளிடம் பதினாறு சேலை வடிவங்கள் கேட்டிருக்கிறார். கலம்காரி போல் இருக்கவேண்டும். கணினிக் கோப்பாகத் தந்தால் போதும். இயந்திரம் நூற்றுக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளிவிடும். கூலி, அவளுடைய ஆறு மாத வரவு. தமையனார் மகிழ்ந்தார். அவள்தான் தயங்கினாள். “சித்தப்பா, நீங்கள் ஊருக்கு வரும்போது என்னோடு காளத்திக்கு ஒருமுறை வாருங்கள்” என்றாள்.

திருப்பதியிலிருந்து காளத்திக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். கண்ணப்பர் வழிபட்ட தலம் என்றே நம்மவர் அறிவர். கலம்காரிக்கும் அதுவே தாயகம். (நாம் சென்ற சில நாட்களில், ஏப்ரல் 4ஆம் நாள், காளத்தி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அங்கும் நகர்ந்தது கோடுதான்.) பொன்முகலியாற்றில் நீர் மெலிந்து மணல் தெரிந்தது. ஊரின் உட்புறத் தெரு ஒன்றில் முதியவர் ஒருவர் தரையில் துணியை விரித்து வரைந்துகொண்டிருந்தார்.

அத்தொழிலின் முறைமையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கிறது. கருமைக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரிலிட்டுச் சில வாரங்கள் புளிக்கவைக்கிறார்கள். அந்த நீர் துணியில் படும்போது வெளிறியே இருக்கும். கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கண்முன்னே கறுக்கும். சிவப்புக்குப் படிகாரக் கரைசலால் எழுதிச் சாயவேரிட்டுக் கொதிக்கவைக்க வேண்டும்; படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். கடுக்காய்ப் பூவிலிருந்து மஞ்சள், அவுரியிலிருந்து நீலம். ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் கழுவல், உலர்த்தல். ஓடும் நீர் வேண்டும், கடும் வெயிலும் வேண்டும். கலம் என்பது கூராக்கிய மூங்கிற்குச்சி. நடுவில் கம்பளி சுற்றி நூலால் இறுக்கியது. அழுத்தினால் கம்பளியில் உள்ள மை இறங்கும். இதற்கு அழிப்பான் இல்லை.

இக்கலை 1950களில் அழியும் நிலையில் இருந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் முதலியோரின் முயற்சியால் காளத்தியில் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அவ்வூர் ஜொன்னலகட்டா குருப்பச் செட்டியாருக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் மரபுச் சிற்பப் பள்ளியிலும் இன்று கலம்காரி ஒரு பாடம். ஆக, இதுவும் ஒருகாலத்தில் ‘இதனை நம்பிப் பிள்ளையை விடலாமா’ என்று பெற்றோர் அஞ்சிய தொழிலே.

முதியவர் பெண்ணின் தொழிலைக் கேட்டார். அவள் டேப்லட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் மின்பேனாவைக் கலம் போலவே பிடித்து ஒரு மயிலின் கழுத்தை இழுத்தார். கோடு அப்படியே நின்றது. சிரித்துவிட்டு, “இதைக் கழுவ வேண்டாமா அம்மா?” என்றார். வேண்டாம் என்றாள். “ஆறு தேட வேண்டாம். நல்லதுதான்” என்றார். அதில் குத்தல் ஏதும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. அவள் வந்த காரியத்தை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நா எழவில்லை போலும்.

திரும்பும் வழியில் நாம் வியாபாரியின் பக்கம் நின்று வாதாடினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கருவி மாறுவது குற்றமாகுமா என்று கேட்டோம். மசூலிப்பட்டினத்துக் கலம்காரிக்கு மர அச்சு உண்டே. அச்சு வந்தபோது கலம் பிடித்தவன் வருந்தியிருக்க மாட்டானா? நம் சோழமண்டலக் கரையின் எழுதுதுணி ஐரோப்பாவிலே கொடிகட்டிப் பறந்தபோது அங்குள்ள நெசவாளர் பிழைப்பிழந்தனர் என்று பிரான்சு 1686இல் அதனைத் தடை செய்தது. இங்கிலாந்து 1701இலும் 1721இலும் சட்டமியற்றியது. பின்னர் அவர்களுடைய இயந்திரங்கள் நம் பூக்களையே அச்சிட்டு நம் சந்தைக்கு அனுப்பின. எவன் கை ஓங்கினாலும் எங்கோ ஒருவன் உலை அணைகிறது. நீ ஒருத்தி மறுத்தால் அது நிற்குமா, வேறொருவர் செய்துவிட்டுப் போவார் என்றோம்.

“அச்சடிப்பதைப் பற்றி நான் பேசவில்லை, சித்தப்பா. அச்சடித்துவிட்டு அதைக் கலம்காரி என்று விற்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்” என்றாள்.

நாம் வாய் மூடிக்கொண்டோம். காளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. பெயருக்குச் சட்டத்தின் காவல் உண்டு. இருந்தும் கடைக்குக் கடை இயந்திரத்தில் அச்சிட்ட துணி அப்பெயரோடு தொங்குகிறது. வாங்குவோர் யார்? நம் வீட்டுப் பெட்டியில் ‘கலம்காரி’ என்று நம்பி, அன்று, நம்புவதாகப் பாவித்து, வாங்கிய சேலைகள் ஐந்து உள்ளன. ஐந்தின் விலையைக் கூட்டினாலும் அந்த முதியவரின் ஒரு துணிக்கு ஈடாகாது. பல நாள் உழைப்பு அந்த விலையில் வாராது என்பது நமக்குத் தெரியாததன்று.

அவள் வியாபாரிக்கு எழுதினாள்: வடிவங்கள் தருகிறேன், ஒவ்வொரு சேலையின் ஓரத்திலும் ‘அச்சு’ என்று பொறித்தால். மறுமொழி வரவில்லை. வேலை வேறு யாருக்கோ போயிற்று. தமையனார் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. தவறு என்று நாம் சொல்லத் துணியவில்லை. வீட்டுக்கடன் அவர் பெயரில் இருக்கிறது.

அந்த ஆண்டு முடியுமுன் வேறொன்று நிகழ்ந்தது. டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று, சொல்லைக் கொடுத்தால் படத்தைத் தரும் மென்பொருள்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஆகஸ்டில் அமெரிக்கக் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் அவ்வாறு ஆக்கிய படமொன்று முதற்பரிசு பெற்றது. கோடிக்கணக்கான படங்களை இணையத்திலிருந்து திரட்டி அவற்றைக் கொண்டே அம்மென்பொருள்களைப் பழக்கியிருந்தனர். வரைந்தவர்களிடம் ஒரு சொல் கேட்டாரில்லை. நூல் அட்டை கேட்டவர்களுள் இருவர் இனி வேண்டாம் என்று அவளுக்கு எழுதினர்.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியை நினைவூட்ட வேண்டும். ஹரால்ட் கோகன் என்னும் ஓவியர் 1970களிலேயே ஆரோன் என்னும் நிரலை எழுதிக் கணினியை வரையச் செய்தார். 2016இல் மறையும்வரை அதனைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஆரோன் அறிந்ததெல்லாம் கோகன் தம் கண்ணாலும் கையாலும் கற்றுக் கொடுத்தது. கற்பித்தவன் பெயர் அங்கே இருக்கிறது. இன்றைய மென்பொருளிலோ ஆசான்கள் எண்ணிறந்தோர், ஒருவர்க்கும் பெயரில்லை. காளத்தி முதியவருக்கும் நம் பெண்ணுக்கும் இடையே ஓர் ஆறு ஓடுகிறது என்று எண்ணியிருந்தோம். இருவரும் ஒரே கரையில் நிற்பதைக் கண்டோம்.

அவள் நேர்மையாக நடந்தாள். ஆதலால் காலம் அவளுக்குக் கருணை காட்டும் என்று நம்மால் எழுத இயலாது. அவ்வாறு காட்டியதாகவும் தெரியவில்லை. இப்போது திருப்பதியில் ஒரு பள்ளியில் வாரம் மூன்று நாள் ஓவியம் கற்பிக்கிறாள்; மற்ற நாள்களில் வரைகிறாள். நாம் அன்று கூறிய அறிவுரையையே பாதி ஏற்றுக்கொண்டாள் என்று தமையனார் சொல்கிறார். அவளைக் கேட்டால், அறிவுரைக்காக அன்று, வாடகைக்காக என்பாள்.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நம் துணைவியார் அந்த ஐந்து சேலைகளுள் ஒன்றை உடுத்து வந்தார். பக்கத்து இருக்கையிலிருந்த அம்மையார் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, “கலம்காரியா?” என்று வியந்தார்.

“இல்லை, அச்சு” என்றார் நம் துணைவியார்.