பச்சை

முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி தறிக்குத்தான். மூன்று வருடம் முன்பு பொங்கலுக்குப் போயிருந்தபோது, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நான் எழுதிய செயலியைக் காட்டினேன். உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ. எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் 24.2. திரையில் பச்சை: ‘நார்மல்.’

“அப்போ ரத்தம் டெஸ்ட் எல்லாம் வேணாம்ல?” என்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஒன்றரை வருடம் கழித்து, காலில் புண் ஆறாமல் போனபோதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது.

ஆரஞ்சு காட்டியிருந்தால் டெஸ்டுக்குப் போயிருப்பாரா? தெரியாது. ஆனால் போகாமலிருக்க ஒரு காரணத்தை நான் கொடுத்தேன். 25-க்குக் கீழே என்றால் பச்சை; ஒரே வரி கோடு. அந்த 25 யாருக்கானது என்று நான் கேட்கவே இல்லை.

இந்தக் கணக்கின் மூலவர் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே. மருத்துவர் அல்ல; வானியலாளர், புள்ளியியலாளர். 1830-களில் அவர் தேடியது நோயாளியை அல்ல, ‘சராசரி மனிதனை’. 1972-இல் ஆன்செல் கீஸ் இதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்ததும் மக்கள்தொகை ஆய்வுகளுக்காகத்தான். 25 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது எல்லை. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை தொடங்குகிறது என்று 2009-இல் இங்குள்ள மருத்துவர்கள் கூடி வகுத்தார்கள்.

சரி, 23 என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததா? 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யட்கினுக்கு 9.1. என் புதிய கோடும் இருவரையும் பச்சை என்றே சொல்லும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். “சேலைய எடை போட்டா மொத்தம் தெரியும். அதுல பட்டு எவ்ளோ, ஜரிகை எவ்ளோன்னு தராசு சொல்லுமாடா?” என்றார்.

எண்ணைக் குறை சொல்லமாட்டேன். ஒரு மாவட்டமே பருமனாகிறதா என்று பார்க்க அது நல்ல கருவி. கூட்டத்தைப் பற்றிய ஒரு ஊகத்தை ஒரு மனிதருக்கான தீர்ப்பாக வண்ணம் பூசிக் கொடுத்தது என் தவறு. ‘தெரியவில்லை’ என்று சொல்ல என் செயலியில் ஒரு நிறம்கூட இல்லை.

இப்போது எல்லையை 23 ஆக்கிவிட்டேன். பச்சையையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு கேள்விகள்: இடுப்பை அளந்தீர்களா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?

அப்பாவின் இடுப்பு 94 செ.மீ. ஆண்களுக்கு இங்கே எல்லை 90. இரண்டாவது கேள்விக்கு இனி நானும் ‘ஆம்’ என்றுதான் அழுத்த வேண்டும்.