சோத்தைக் கொறைன்னு சொல்றது யாரு?

‘சோத்தைக் கொறைங்க.’ சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் ஒருவர் காதில் விழுகிற முதல் வாக்கியம் இதுதான். மருத்துவமாகப் பார்த்தால் இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வாக்கியமும் அந்தரத்தில் நிற்பதில்லை. யார் வாயிலிருந்து வருகிறது, யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அதற்கு அர்த்தம். அடுத்தவன் அளந்து போட்டதையே தின்று வந்த சனங்கள் நாம். வயிறு கொஞ்சம் நிரம்பத் தொடங்கிய இரண்டாம் தலைமுறையிலேயே நம்மைப் பார்த்து ‘கொறை’ என்றால் அது எப்படி விழும்? குறைத்து உண்பது ஓர் அறம் என்றால், அது நமக்கும் அறம்தானா? இல்லை, வேறு யாருடைய அறமோ மருந்துச் சீட்டில் ஏறிக்கொண்டு நம்ம வூட்டுக்குள்ள நுழைகிறதா? பத்து வருஷமாகச் சர்க்கரையோடு குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் பேசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘அளவு’ என்கிற சொல்லுக்கு நம்மிடம் ஒரு வரலாறு உண்டு. களத்து மேட்டில் மரக்காலும் படியும் ஆண்டை கையில் இருந்தன. தலை தட்டி அளப்பதா, கும்பாரமாக அளப்பதா என்பது அவன் மனசு. துண்டை விரித்துப் பிடிப்பது மட்டும்தான் நம்ம வேலை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். சோற்றின் அளவைப் பற்றிப் பேசியதற்கு இந்த மண்ணில் தரப்பட்ட பதில் அது. ‘ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று 1967 தேர்தலில் ஒரு கட்சி சொன்னபோது சேரியே ஓட்டுப் போடக் கிளம்பியதென்றால் காரணம் வேறெதுவும் இல்லை. 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம் என்று ரேசன் அரிசி வந்தபோது, ‘சனங்களைச் சோம்பேறியாக்கிட்டாங்க’ என்று குமைந்தவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். நடவுக்கு ஆள் கிடைக்காமல் போன கவலை அது. அரிசி வீட்டில் இருந்தால் ஆண்டை கூப்பிட்ட குரலுக்கு ஓடவேண்டியதில்லை. என் ஆயா காலத்தில் நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் கேவுரு கூழு, கம்பங்களி. வெள்ளைச் சோறு நமக்கு வெறும் சோறு அல்ல. அது மானம்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் உடம்பு. உடம்பு நம் வரலாற்றுக்காகச் சலுகை காட்டுவதில்லை. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். இனியும் இதைப் ‘பணக்காரங்க வியாதி’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வெந்த சோறு நூறு கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. தட்டு நிறையக் குவித்து நானூறு கிராம் சாப்பிட்டால் நூறு கிராமைத் தாண்டிவிடும். அத்தனையும் குளுக்கோசாகி ரத்தத்தில் இறங்குகிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை சேற்றில் நின்ற உடம்பு அதை எரித்துத் தள்ளியது. இன்று அண்டை வெட்டிய கை வாட்ச்மேன் நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. வேலை மாறிவிட்டது. தட்டு மட்டும் அறுவடைக் காலத்துத் தட்டாகவே இருக்கிறது.

இங்கேதான் நீதிபோதகர்கள் வருகிறார்கள். ‘நாக்கை அடக்கல, வியாதி வந்துடுச்சி’ என்கிறார்கள். வியாதியைப் பாவத்தின் சம்பளமாகப் பார்க்கிற பழைய புத்திதான், புதுச் சட்டை போட்டிருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம். அப்போது வயிற்றில் இருந்த குழந்தைகளை, அவர்களுக்கு ஐம்பது வயதாகும்போது சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரையைச் செரிக்கும் திறன் மற்றவர்களைவிட அவர்களுக்குக் குறைந்திருந்தது. எடை குறைந்து பிறக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதைப் புனே பகுதி கிராமங்களில் நடந்த ஆய்வுகள் உட்படப் பலவும் பேசியிருக்கின்றன. ஹாலந்தில் பஞ்சம் ஒரு குளிர்காலம். நம்ம தாய்மார்களுக்கு அது எத்தனை தலைமுறை? தின்று கொழுத்ததால் மட்டும் வருவதில்லை இந்த நோய். தின்னக் கிடைக்காததாலும் வருகிறது. ஆகவே குற்றவாளிக் கூண்டில் நாக்கை மட்டும் ஏற்றுவது நியாயமல்ல.

சரி, எதைத் தின்பது? எனக்குக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டில் ஓட்ஸ் இருந்தது, பனீர் இருந்தது, பாதாம் பருப்பு நாலு இருந்தது. கடைசி வரியில் ‘தோல் நீக்கிய கோழி, மீன் – வாரம் இருமுறை’. மாட்டுக்கறி என்ற சொல்லே அதில் இல்லை. தடை செய்யவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. அப்படி ஓர் உணவு உலகத்திலேயே இல்லாத மாதிரி. மாட்டுக்கறியில் மாவுச்சத்து இல்லை. கொழுப்பு நீக்கிய நூறு கிராம் கறியில் சுமார் 20 கிராம் புரதம். பனீர் வாங்குகிற காசுக்கு வீடே சாப்பிடலாம். சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டச் சொல்கிற மருத்துவம், எதற்காக நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்களோ அந்தச் சட்டியின் பக்கமே கை காட்டுகிறது. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் புத்தகமாக எழுதி வெளியிட்டது 1948ல். எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து, 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. விழா தள்ளிப் போனது. சீட்டில் விட்டுப்போன சொல்லும் திருவிழாவில் விட்டுப்போன அண்டாவும் ஒன்றுதான். தினமும் கிலோ கணக்கில் தின்னுங்கள் என்று நான் சொல்லவில்லை. இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்துத்தான் தின்ன வேண்டும். ஆனால் கறியும் கருவாடும் வயல் நண்டும் நத்தையும் முருங்கைக் கீரையும் முட்டையும் நம்ம உணவு, இந்த நோய்க்கு ஏற்ற உணவும்கூட என்பதை யாரும் நமக்கு எழுதித் தரமாட்டார்கள். நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கூத்து சிறுதானியம். ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ‘கூழு குடிக்கிற பசங்க’ என்று நம்மை ஏசிய வாய்களெல்லாம் இப்போது பாக்கெட்டில் அடைத்த கேழ்வரகைத் தேடுகின்றன. நம்மிடமிருந்து அரை விலைக்குப் போனது நம்மிடமே மூன்று விலைக்குத் திரும்பி வருகிறது. அதைவிட ஒரு விஷயம் முக்கியம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், நார்ச்சத்து அரிசியைவிட அதிகம். உண்மைதான். ஆனால் மாவுச்சத்தும் அரிசிக்குப் பக்கத்தில்தான். நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆகவே ‘பழைய சோத்துக்கும் கூழுக்கும் திரும்பினா போதும்’ என்கிற பாரம்பரியப் பெருமையையும் நாம் அப்படியே வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. அந்தப் பாரம்பரியத்தில் நமக்குக் கிடைத்தது கூழ். கறி எப்போதாவதுதான்.

எங்கள் வீட்டில் இப்போது நடக்கிற சாப்பாட்டைச் சொல்கிறேன். காலையில் இரண்டு முட்டையும் கீரைப் பொரியலும், இல்லாவிட்டால் இரண்டே இட்லிக்குக் காய் நிறையப் போட்ட சாம்பார். மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதைவிட இரண்டு மடங்கு அவரையோ கோசோ பூசணியோ, கூடக் கருவாட்டுக் கொழம்பு. சாயங்காலம் ஒரு கை சுண்டல். ராத்திரி மீனோ கறி வறுவலோ, வெண்டைக்காய். எழுதிப் பார்க்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நம்ம கொழம்பு சோற்றுக்காகவே பிறந்த கொழம்பு. ஒரு தட்டுச் சோற்றை இழுத்துக்கொண்டு போவதற்காகத்தான் அவ்வளவு உப்பும் காரமும் புளியும். சோற்றைக் குறைத்து அதே கொழம்பை ஊற்றினால் உப்பு தூக்கலாகிறது, ரத்தக் கொதிப்புக்கு அது தனிக் கேடு. எனவே கருவாட்டைச் சுடுதண்ணியில் இரண்டு முறை அலசி, கொழம்பை இளக்கி, காயைக் கூட்டி, சமையலின் கணக்கையே மாற்ற வேண்டியிருந்தது. ‘தொட்டுக்க’ இருந்தது சாப்பாடாகிறது. சாப்பாடாக இருந்தது தொட்டுக்க ஆகிறது. (மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை நிறுத்தக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள்.)

இந்தக் கணக்கை மாற்றியது யார்? என் மனைவி. ‘ஒங்களுக்கு ஒரு ஒல, புள்ளைங்களுக்கு ஒரு ஒல, எனக்கு எந்த ஒல?’ என்று ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. வீட்டில் ஆம்பிளைக்குச் சர்க்கரை வந்தால் வீட்டுச் சமையலே மாறுகிறது. பொம்பிளைக்கு வந்தால் அவள் மட்டும் மாறிக்கொள்ள வேண்டும். அதுவும் முடிவதில்லை. எல்லாரும் தின்று எழுந்தபிறகு சட்டியில் என்ன மிஞ்சும்? கறி தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும். சோறும் கொழம்புத் தண்ணியும் மிஞ்சும். அதைத்தான் அவள் தின்கிறாள். ‘மாவுச்சத்தைக் குறைங்கம்மா’ என்று அவளிடம் சொல்வது எவ்வளவு பெரிய பரிகாசம்! களத்து மேட்டில் படி யார் கையில் இருந்தது என்று கேட்கிற நாம், அடுப்படியில் கறித்துண்டு யாருக்கு முதலில் போகிறது என்றும் கேட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது ஒரே உலை. கறியும் முட்டையும் முதலில் எல்லார் தட்டிலும் சரிசமமாக விழுகின்றன, சமைத்தவள் தட்டையும் சேர்த்து. சோறு அவரவர் தேவைக்கு.

வீட்டைத் தாண்டினால் சிக்கல் வேறு மாதிரி. ஊரில் என் அத்தை வீட்டுக்குப் போனேன். தட்டு நிறையச் சோறு. ‘வேணாம் அத்த, போதும்’ என்றேன். அத்தை முகம் சுருங்கிவிட்டது. ‘இன்னாப்பா, டவுனுக்குப் போனதும் எங்க வூட்டு சோறு எறங்கலியா?’ இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு இருக்கிறது. நம்ம வீட்டு வாசலில் நின்று ‘வேணாம்’ என்று சொன்னவர்கள் எல்லாம் வியாதிக்காகச் சொல்லவில்லை. நம்ம கை பட்டதைத் தொடமாட்டேன் என்பதற்காகச் சொன்னார்கள். அந்தச் சொல்லையே, படித்து வேலைக்குப் போன நம்ம பிள்ளை சொன்னால் அத்தைக்கு வேறெப்படிக் கேட்கும்? சும்மா மறுப்பது சரியில்லை. மறைப்பதும் சரியில்லை. ‘சக்கர அத்த, ஊசி போட்டுக்கறேன். சோறு ஒரு கை போடு, கொழம்புல கெடக்கற கறியப் பூராம் எனக்கே போடு’ என்றேன். அத்தை சிரித்தாள். வியாதியை வாய்விட்டுச் சொல்வதும் மானத்தைக் காக்கிற வழிதான்.

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். ஒரு தோழர் கேட்டார்: ‘விரதம், பத்தியம், நோன்புன்னு வயித்தக் காயப்போடறதெல்லாம் அவுங்க அறம். சோத்துக்காகச் செத்த சனம் நாம. தின்னுட்டுச் சாவோம், என்னா கெட்டுப்போச்சு?’ இதில் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விரதம் வேறு, அளவு வேறு. விரதத்தில் இல்லாமையே புண்ணியம். அதனால்தான் பட்டினி கிடக்கிறவனுக்கு அதை உபதேசிக்க முடிகிறது. அளவு அப்படியல்ல. பௌத்தக் கதைகள் இரண்டு உண்டு. கோசல மன்னன் பசேனதி மரக்கால் கணக்கில் சோறு தின்று மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தபோது, அளவறிந்து உண்பதைப் பற்றிப் புத்தர் அவனுக்குச் சொன்னார். மன்னன் சிறுகச் சிறுகக் குறைத்து ஒரு நாழிக்கு வந்தான். ஆலவி என்ற ஊரில் தொலைந்த மாட்டைத் தேடி அலைந்து பசியோடு வந்த ஏழை உழவனைப் பார்த்தபோது, அதே புத்தர் முதலில் அவனுக்குச் சோறு போடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தம்மம் பேசினார். நிறைந்த களஞ்சியம் உள்ளவனிடம் ‘குறை’. வெறும் வயிற்றுக்காரனிடம் ‘தின்’. இரண்டும் ஒரே அறம். எதிரில் இருப்பவன் வயிற்றைப் பார்க்காமல் பேசுவது அறமே அல்ல.

ஆக, குறைக்கும் அறத்துக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. நாளைக்கும் சோறு உண்டு என்கிற உத்தரவாதம் உள்ளவனால்தான் இன்றைக்குக் குறைக்க முடியும். சோற்றுக்குப் பதிலாகத் தட்டில் வைக்க வேறொன்று இருக்கிறவனால்தான் முடியும். அந்த நிபந்தனை நிறைவேறாத இடத்தில் ‘கொறை’ என்பது பழைய ஆண்டை குரல்தான். நிறைவேறிய இடத்தில் படி நம்ம கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது அளப்பது அடிமைத்தனமல்ல. தன்னைத் தானே ஆள்வது. ‘தின்னுட்டுச் சாவோம்’ என்பதில் கலகம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் நாம் சீக்கிரம் செத்தால் யாருக்கு நட்டம்? ஆண்டைக்கு இல்லை.

அம்பேத்கருக்கும் இந்த நோய் இருந்தது. கால் நரம்பு வலியில் தூக்கமில்லாத இரவுகளோடுதான் அரசியல் சட்ட வேலைகளை 1949 நவம்பர்வரை இழுத்துச் சென்றார். 1948ல் அவரை மணந்த மருத்துவர் சவிதா அவருடைய சாப்பாட்டையும் சிகிச்சையையும் கவனித்துக்கொண்டார். 1956ல் அவர் இறந்தபின் அந்தப் பெண் மீதே பழி போட்டார்கள். அரசு விசாரணை அதை மறுத்தது. அந்த உடம்பை எட்டு வருஷம் வேலை செய்யும் நிலையில் வைத்திருந்ததில் அந்த அடுப்படிக்கும் பங்கு உண்டு என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

இன்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்லது. மாத்திரை மட்டும் போதாது. ரேசனில் அரிசியைக் குறைக்காமல் பருப்பையும் பயறையும் கூட்டிக் கேட்க வேண்டும், முட்டையும் கேட்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிச் சீட்டில் மாட்டுக்கறி, கருவாடு என்று பெயர் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். ‘வெறுங்காலோடு நடக்காதீங்க, புண்ணு வந்தா தெரியாது, காலை எடுக்க வேண்டி வரும்’ என்று மருத்துவர் சொல்கிறார். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்களோ அந்தத் தெருவிலும் செருப்போடு நடப்பது இப்போது மருத்துவமும்கூட. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டவர்களின் பிள்ளைகள் நாம். நம்ம சோற்றை நாமே அளப்போம், குறைக்க வேண்டிய இடத்தில் நாமே குறைப்போம், கேட்க வேண்டியதைக் குறைக்காமல் கேட்போம்.