புறாவின் எடை

கறுப்பைப் படம் எடுப்பது என் பிழைப்பு. அருங்காட்சியகப் பட்டியல்களுக்காகச் செப்புத் திருமேனிகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். கறுத்த உலோகத்தைக் கேமராவின் கணக்குக்கு விட்டால், அது இருட்டைக் கண்டு பதறி வெளிச்சத்தைக் கூட்டி, நடராஜரைச் சாம்பல் நிறமாக்கிவிடும். (சாம்பல் அவருக்குப் பிடித்ததுதான். பட்டியல் போடுகிறவர்களுக்குப் பிடிக்காது.) ஒரு ஸ்டாப்பாவது குறைத்து வைக்க வேண்டும். உகாண்டாவின் தென்மேற்கு மூலையில், புவிண்டி காட்டுக்குள், மலைக் கொரில்லாவின் முன்னால் முழங்காலிட்டபோது விரல் தானாக அந்தச் சக்கரத்தைத் திருப்பியது. தொழிலறிவு கைகொடுத்தது அத்தோடு சரி.

திருமேனி அசையாது. நான் பார்ப்பதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. கொரில்லாவின் உலகிலோ, வைத்த கண் வாங்காமல் பார்ப்பது மிரட்டல். கண்ணுக்குள் பார்க்காதீர்கள், பார்வையைத் தாழ்த்துங்கள் என்று கிளம்பும் முன்பே வழிகாட்டி சொல்லிவிடுகிறார். ஆனால் விற்கிற படமும் பரிசு வாங்குகிற படமும் அது நேராக லென்ஸைப் பார்க்கிற படம்தான். லென்ஸின் முன்கண்ணாடி என் உள்ளங்கை அகலம். அதன் பக்கத்திலிருந்து பார்த்தால், இமைக்கவே இமைக்காத ஒரு பெரிய கண். ‘அந்தப் பார்வையில் எத்தனை ஞானம்!’ என்று நாம் உருகுகிற நொடி, அது சங்கடத்தில் நெளிகிற நொடியாகவும் இருக்கலாம்.

வழக்கமான பயணிகள் எட்டுப் பேராகப் போய், ஏற்கெனவே மனிதருக்குப் பழகிய குடும்பமொன்றை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ருஷாகா பகுதியில் இன்னொரு வழி உண்டு. இன்னும் முழுதாகப் பழகாத குடும்பம். நாலு பேர், நாலு மணி நேரம். நான் அதற்குத்தான் போனேன். கொரில்லாக்கள் தினமும் மாலையில் செடிகொடிகளை வளைத்துப் புதுப் படுக்கை போட்டுக்கொள்ளும். தடம் பார்ப்பவர்கள் காலையில் நேற்றைய படுக்கையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மிதிபட்ட செடி, கடித்துப் போட்ட தண்டு, சூடான சாணம் என்று பின்தொடர்கிறார்கள். கண்டதும் ஆரம்பத்தில் குடும்பம் சிதறி ஓடும், அல்லது முதுகு நரைத்த பெரிய ஆண் அலறிக்கொண்டு பாயும். இவர்கள் ஓடுவதில்லை. குனிந்து உட்கார்ந்து, இலையைப் பறித்து மெல்லுகிற மாதிரி பாவனை செய்து, தொண்டைக்குள் கனைக்கிறார்கள். மறுநாளும் அதே. இப்படி இரண்டு வருடம், சில குடும்பங்களுக்கு அதற்கும் மேல். ஒருநாள் அந்த ஆண் பாய்வதை நிறுத்திவிடும்.

என் முறையிலும் பாய்ந்தது. பத்து மீட்டர் தூரம் என்பது விதி. விதி தெரியாத அந்த ஆண் தூரத்தைப் பாதியாக்கிவிட்டு, ஒரு புதரைப் பிடுங்கி வீசிவிட்டுத் திரும்பியது. படத்தில் இலைகள் துல்லியமாக விழுந்திருக்கின்றன. நடுவில் ஒரு கறுப்புக் கலங்கல். பிறகு அது முதுகைக் காட்டி உட்கார்ந்து செடித்தண்டை உரிக்க ஆரம்பித்தது. ஃபிளாஷ் கூடாது, மூங்கிலுக்கும் கொடிகளுக்கும் நடுவே பகல் பதினொரு மணி வெளிச்சம் அந்தி மாதிரி. முகக்கவசத்துக்குள் விடும் மூச்சில் வ்யூஃபைண்டர் மங்கியது. கவசம் வீண் சடங்கு இல்லை. ருவாண்டாவில் 2009ல் மனிதரிடம் புழங்கும் ஒரு சுவாச வைரஸ் புகுந்து ஒரு குடும்பத்தையே படுக்க வைத்தது, உயிரும் போனது.

ஊருக்கு வந்து சித்தப்பாவிடம் படங்களைக் காட்டினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோயில்களில் பெரியபுராணம் சொல்கிறவர். ரிஷி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே என்று மற்றவர்கள் சொன்னதை அவர் சொல்லவில்லை. பழக்கப்படுத்துகிற கதையைக் கேட்டுவிட்டு, “பயம் போயிடுச்சுங்கறே. சரிம்மா, போக்கினவன் பொறுப்பு ஏத்துக்கிட்டானா?” என்றார்.

அன்னதானம், பூதானம் எல்லாவற்றுக்கும் மேலே அபயதானத்தை வைப்பது நம் மரபு. நான் நூறு கோணத்தில் வெளிச்சம் போட்டுப் பார்த்த கை அது: நடராஜரின் முன் வலக்கை. பயப்படாதே என்கிறது. வெறுமனே அப்படிச் சொல்ல யாராலும் முடியும். பின் கையில் நெருப்பை வைத்துக்கொண்டு, காலடியில் முயலகனை மிதித்துக்கொண்டு சொல்வதால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. பயத்தின் காரணத்தை விட்டுவைத்துப் பயத்தை மட்டும் எடுத்துவிடுவதற்குப் பெயர் அபயம் இல்லை.

அப்படி நடந்திருக்கிறது. டயன் ஃபாஸி ருவாண்டாவில் 1967ல் காரிசோகே ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அவரிடம் மிகவும் ஒட்டிக்கொண்ட இளம் ஆண் டிஜிட். நாட்டின் சுற்றுலாச் சுவரொட்டியில் அதன் முகம் பயணிகளை அழைத்தது. 1977 டிசம்பர் 31 அன்று வேட்டைக்காரர்கள் அதை ஈட்டியால் குத்தி, தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள். குடும்பம் தப்பி ஓட, தடுத்து நின்று செத்தது அது. பழக்கத்தால்தான் செத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சுவரொட்டி அச்சடித்தவர்களுக்கு அந்த உயிர்மேல் ஒரு கடமை இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

நம் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று பேசுவதும் முழு உண்மையில்லை. அதே காரிசோகேயில் 2012ல் மான் பிடிக்க வைத்த கண்ணி ஒன்றில் குட்டிக் கொரில்லா சிக்கிச் செத்தது. சில நாளில் இன்னொரு கண்ணியை அவிழ்க்கப் போன ஊழியரை அங்கிருந்த பெரிய ஆண் உறுமி நிறுத்தியது. நாலு வயதுள்ள இரண்டு குட்டிகள் ஓடி வந்து, ஒன்று வளைத்துக் கட்டிய கிளையில் குதித்து முறிக்க, மற்றது சுருக்கை அவிழ்த்தது. மனிதரில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவை தாமாகவே பிரித்து வைத்திருக்கின்றன. அபயம் கொடுத்தோம் என்று நாம் நெஞ்சு நிமிர்த்த இங்கே இடம் குறைவு.

ஆனாலும் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 1980களின் தொடக்கத்தில் விருங்கா எரிமலைத் தொடரில் ஏறத்தாழ 250தான் மிஞ்சியிருந்தன. இன்று விருங்காவும் புவிண்டியும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். 2018ல் மலைக் கொரில்லா ‘மிக அருகிய’ பட்டியலிலிருந்து ஒரு படி இறங்கியது. காவலர், தடம் பார்ப்பவர் சம்பளமெல்லாம் என்னைப் போன்றவர்கள் கட்டும் பணத்தில் பெரும்பங்கு நடக்கிறது. கொங்கோ பக்கத்து விருங்கா பூங்காவில் இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட காவலர்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். சித்தப்பா கேட்ட பொறுப்பை யாரோ ஏற்றுத்தான் இருக்கிறார்கள். நான் ஏற்றேனா என்றால், பணம் கட்டினேன்.

சோழர்கள் தங்கள் குலமுதல்வன் என்று சொல்லிக்கொண்ட சிபி இங்கே வந்து நிற்கிறான். அடைக்கலம் என்று வந்த புறாவைச் சின்ன வயதில் எல்லோரும் கவனிக்கிறோம். எனக்கு இப்போது அதைத் துரத்தி வந்த பருந்துதான் முக்கியமாகப் படுகிறது. இது என் உணவு, என் பசிக்கு என்ன வழி என்று அது கேட்கிறது, நியாயமான கேள்வி. சிபி அதை விரட்டவில்லை, பொய்யன் என்று ஏசவில்லை. தராசை வரவழைத்துத் தன் தொடையை அறுத்து வைக்கிறான். எடை போதாமல் கடைசியில் தானே தட்டில் ஏறுகிறான். அடைக்கலம் கொடுத்தவன் தன் சதையைத்தான் அறுக்க வேண்டும் என்பது கதை.

புவிண்டியில் தராசில் ஏறிய சதை யாருடையது? தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் தேனெடுத்து, கிழங்கு தோண்டி, வேட்டையாடி வாழ்ந்தவர்கள் பாட்வா மக்கள். கொரில்லாவைத் தின்னும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்பது அவர்கள் சொல்வது. 1991ல் காடு தேசியப் பூங்காவானதும் வெளியேற்றப்பட்டார்கள். காட்டைத் தவிர வேறு சொத்து இல்லாதவர்கள், பிறர் நிலத்து ஓரங்களில் கூலிகளானார்கள். வெளியேற்றத்தால் அவர்கள் ஒடுக்கப்பட்டதை 2021ல் உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. காட்டைத் திருப்பிக் கொடு என்று சொல்வது எளிது. கொரில்லா என்ன ஆகும் என்று கேட்பதும் எளிது. தராசைப் பிடித்தவர்கள் தங்கள் தொடையைத் தொடவே இல்லை என்பதை மட்டும் இந்த இரண்டு பேச்சிலும் கேட்க முடிவதில்லை.

கொரில்லாவைப் பார்த்த மறுநாள் அவர்களையும் போய்ப் பார்த்தேன். பயணிகளுக்காக நிகழ்ச்சி உண்டு: குச்சி கடைந்து தீ மூட்டுவது, வில் எய்வது, ஆடுவது. கட்டணம் கட்டினால் படம் எடுக்கலாம். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். உடன் வந்தவர் சிரித்து, எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் போங்கள் என்றார். ஆட்டம் முடிந்ததும் வில் வைத்திருந்த பெரியவர் மொழிபெயர்ப்பவர் மூலம் ஒன்று கேட்டார்: கொரில்லாவைப் பார்க்க எவ்வளவு கட்டினீர்கள்? 1,500 டாலர் என்றேன். அவர் திரும்பி மற்றவர்களிடம் தொகையைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. பெண்கள் இருவர் குரலை உயர்த்தினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பவர், “சும்மா, வீட்டு விஷயம்” என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.