பத்தரை மணிக் கையெழுத்து

எங்கள் வீட்டு மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்த பையன் பத்து மணியானதும் எழுந்து கிரீஸ் போகக் கை கழுவினான். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து வகிடெடுத்து வாரினான். "ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன் சார். கண்டிஷன் பெயில்."

என்ன வழக்கென்று நான் கேட்கவில்லை. வாரிக்கொண்டானே, அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. யாருக்காக வாரினான்? நோட்டை நீட்டும் காவலர் அவன் வகிட்டையா பார்க்கப்போகிறார்?

நோட்டுக்குப் பதில் இப்போது கருவி வருகிறது. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ், ஜாமீனில் வந்த ஒருவரின் காலில் ஜிபிஎஸ் பட்டையைக் கட்டியது. அதே ஆண்டு ஒன்றிய அரசு வகுத்த மாதிரிச் சிறைச் சட்டம், கருவி அணியச் சம்மதிக்கும் கைதிக்கு விடுப்புத் தரலாம் என்கிறது. உள்ளே கிடப்பவன் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டான்? வெளிநாடுகளில் இதை அணிந்தவர்கள், சார்ஜ் ஏறும்வரை சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதையும், வெயில் காலத்திலும் முழுக்கால்சட்டை போட்டு மறைப்பதையும் சொல்கிறார்கள். 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம், கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை, அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று நீக்கியது. படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் மறுபடியும் அந்தச் சீப்பு.

இப்படி ஆளைக் கண்காணிப்பது எங்களுக்குப் புதிதல்ல. அம்மாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம். ரேகைச் சட்டம் என்று ஊரில் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்தைப் பாட்டி சொல்லுவாள். குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்த குடும்பத்து ஆண்கள் ராத்திரி சாவடியில் போய்ப் படுக்கவேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. பாட்டிக்கு ஆறாத கோபம் ஒன்றில்தான்: கல்யாணம் ஆன அன்றைக்கும் மாப்பிள்ளை சாவடிக்குப் போகவேண்டும்.

ஆள் எங்கே என்று மட்டும் பார்க்கும் இந்தக் காவலை நினைத்தால் எங்கள் ஊர்ப் பூசலார் நாயனார் நினைவுக்கு வருகிறார். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர். கனவில் இறைவன் சொல்லி அரசன் தேடி வந்தபோது, அப்படியொரு கோயில் இங்கே இல்லையே என்றார்கள் ஊரார். ஆள் இருக்குமிடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் எழுப்பிக்கொண்டிருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. காலில் கட்டிய பட்டைக்கும் இடம் மட்டுமே தெரியும்.

காவலர் ஒருநாள் "சாப்பிட்டியாடா?" என்று கேட்கலாம், இன்னொரு நாள் கன்னத்தில் அறையலாம். கருவி இரண்டையும் செய்யாது. ஒரு மனிதர் முன் போய் நிற்பதால்தான் தலை வாரத் தோன்றுகிறது, அந்த மானத்தையும் கருவி எடுத்துவிடும் என்று நினைத்தேன். அறை வாங்கியவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? தினமும் கையெழுத்துக்காக வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவரிடம், பட்டையைக் கட்டிக்கொள், ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்றால் அநேகமாகக் காலை நீட்டிவிடுவார். அவரைத் தடுக்க எனக்கு வாயில்லை. கட்டிக்கொள் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.