ஆரோக்கியம் என்னும் பெயர்



பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை பெற்றோருடையது. அந்த உரிமை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று இந்த வாரம் சற்று ஆலோசிப்போம். உதாரணத்துக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: ஆரோக்கியம்.

வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் திருநாமத்திலிருந்து நமக்கு வந்த பெயர் இது. நம் பாட்டன்மார் இதை ஆண் பிள்ளைக்கும் வைத்தார்கள், பெண் பிள்ளைக்கும் வைத்தார்கள். இன்று இதை வைப்பவர் அருகிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் மூன்று தடை சொல்லுகிறார்கள்.

முதல் தடை, ஆணா பெண்ணா என்று தெரியாதாம். தெரியாவிட்டால் என்ன குறை? தேவமாதாவின் பெயரையே சுமந்த ஆண்கள் உண்டு. பங்குக் குருக்களின் பாதுகாவலரான அர்ச். வியான்னி, மரிய அருளப்பர். 1941-ல் அவுஷ்விட்ஸ் முகாமில் வேறொருவனுக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்த அர்ச். கோல்பே, மாக்சிமிலியன் மரிய. அப்பெயரால் அவர்களுடைய ஆண்மை குறைந்துபோயிற்றா?

இரண்டாவது, இந்தக் காலத்தில் வேறு எவருக்கும் இல்லாத பெயராம். ஸ்நாபக அருளப்பருக்குப் பெயரிட்ட நாளில் உறவினரும் இதையே சொன்னார்கள். உங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் இப்பெயர் இல்லையே என்றார்கள். சக்கரியாஸோ பலகையில் அந்தப் பெயரைத்தான் எழுதினார். ஆகவே, அபூர்வமான பெயர் என்பது குற்றமுமல்ல, பெருமையுமல்ல. வழக்கத்திலுள்ள பெயருக்கும் அப்படியே.

மூன்றாவது தடை உச்சரிப்பு. ரோகம் என்றால் நோய், நோயில்லாமை ஆரோக்கியம். வடமொழியில் மெலிந்து ஒலிப்பதை நாம் 'க்கி' என்று அழுத்திச் சொல்லுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'கே' போடுகிறார், ஒருவர் 'சி'யும் 'கே'யும் போடுகிறார், ஒருவர் 'ஜி' போடுகிறார். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமும் பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமும் இருந்தால் பிள்ளைதான் பின்னால் அலைய வேண்டும். ஆகையால் எந்தப் பெயரானாலும் எழுத்தை முதலிலேயே தீர்மானித்து, ஞானஸ்நானப் பதிவேட்டுக்கும் அதையே கொடுங்கள்.

ஆனால் உச்சரிப்பில் எழுத்தைவிடப் பெரிய காரியம் ஒன்றுண்டு. நியாயாதிபதிகள் ஆகமத்தின் 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யோர்தான் துறையில் ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள். 'ஷ' என்னும் ஒலி வராமல் 'ச' என்று சொன்னவர்களை வெட்டினார்கள். அந்தச் சண்டையில் மாண்டவர் 42,000 பேர். நாம் வாளை எடுப்பதில்லை, சிரிக்கிறோம். பேரப்பிள்ளையின் புதுமாதிரிப் பெயர் வாயில் வராமல் பாட்டி தடுமாறும்போது வீட்டிலுள்ளவர்கள் சிரிப்பதில்லையா? பட்டிக்காட்டுப் பெயர் என்று ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்வதில்லையா? இரண்டும் பிறர்சிநேகத்துக்கு விரோதமானவையே.

நம் முன்னோர் இதில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார்கள்! பவுல் என்பதன் பொருள் சிறியவர், சின்னப்பர் என்றார்கள். ஸ்தேவான் என்றால் கிரீடம், முடியப்பர் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் பிள்ளையை அர்ச்சியசிஷ்டவரின் பெயரால் தடையின்றிக் கூப்பிட வேண்டும் என்பதல்லவா அதன் பலன்?

இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. பெயரைச் சுமப்பவன் ஒருவன். அதை வழங்குகிறவர்கள் மற்றவர்கள். கல்லறையருகே மதலேன் மரியம்மாள் சேசுநாதரைக் கண்டும் அறியவில்லை. அவர் தன்னைப் பேர் சொல்லி அழைத்தவுடனே அறிந்துகொண்டாள். பெயர் அழைப்பதற்காக உண்டானது. அன்போடு அழைக்க முடியாத பெயர் எத்தனை அழகாயிருந்தாலும் பாதிப் பெயர்தான்.

எல்லோரும் ஆரோக்கியம் என்றே வைக்க வேண்டும் என்பது நம் கருத்தல்ல. கிறீஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்பதுவே திருச்சபைச் சட்டத்தின் 855-ஆம் பிரிவு கேட்பது. ஆயினும் ஞானஸ்நானத்துக்கு முன் இரண்டு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு என்ன பொருள் என்று நாளைக்குப் பிள்ளை கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் உண்டா? வீட்டிலே மூத்தவர்கள் இதைச் சொல்லிக் கூப்பிடுவார்களா?

மற்ற நாமெல்லாருக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் பெயர் நமக்குப் பழக்கமில்லாததானால், எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரிடமே கேட்டு, சரியாகச் சொல்லப் பழகுவோம். செலவில்லாத தர்மம் அது.

நல்ல மேய்ப்பர் நம் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு